முதல் டப்பா இலவசம்

ஒரு கேள்வி. நீங்கள் ஒரு வியாபாரி. கையில் ஒரு சரக்கு இருக்கிறது. ஆனால் அதைவிட உசத்தியான சரக்கு ஒவ்வொரு வீட்டிலும் காசில்லாமல் கிடைக்கிறது. கேட்ட நேரத்துக்குக் கிடைக்கிறது. சூடு பண்ணக்கூட வேண்டாம். சொல்லுங்கள், உங்கள் சரக்கை எப்படி விற்பீர்கள்?

பி.காம். படித்த காலத்தில் பரீட்சையில் இப்படிக் கேட்டிருந்தால், 'கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பேன்' என்று எழுதியிருப்பேன். சைபர்தான் கிடைத்திருக்கும். ஏனென்றால் இதற்கு விடை உண்டு. பன்னாட்டு உணவு கம்பெனிகள் விடையைக் கண்டுபிடித்து, விற்றும் காட்டிவிட்டன.

சரக்கின் பெயர், குழந்தைகளுக்கான பால் பவுடர். வீட்டில் காசில்லாமல் கிடைப்பது, தாய்ப்பால்.

தொடக்கத்தில் இதில் ஒரு தப்பும் இல்லை. 1867-ல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பவர் பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்து ஒரு குழந்தை உணவைத் தயாரித்தார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகள் பிழைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. நல்ல காரியம்தான். இன்றைக்கும் தாயில்லாக் குழந்தைக்கு பவுடர் டப்பா ஒரு வரம். ஆனால் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் விற்றால் எத்தனை டப்பா போகும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு நாடுகளில் பிரசவ ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. கம்பெனிகளும் கொழித்தன. அறுபதுகளில் அங்கே பிறப்பு விகிதம் சரிய ஆரம்பித்தது. வாடிக்கையாளரே பிறக்கவில்லை என்றால் என்ன செய்வது? பிறக்கிற இடத்துக்குப் போகவேண்டியதுதான். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா. ஏற்கெனவே விரித்திருந்த கடைதான். இப்போது முழுமூச்சாக இறங்கினார்கள்.

பிரசவ வார்டுகளுக்கு யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வந்தார்கள். பார்த்தால் நர்ஸ். சம்பளம் கம்பெனியில். சுவரில் கொழுகொழு குழந்தை போஸ்டர். வீட்டுக்குக் கிளம்புகிற அம்மாவின் கையில் ஒரு சாம்பிள் டப்பா. இலவசம்!

மொத்த சூட்சுமமும் அந்த டப்பாவில்தான் இருந்தது. தாய்ப்பாலுக்கு ஒரு கணக்கு உண்டு. குழந்தை சப்பச் சப்பத்தான் சுரக்கும். சப்பாவிட்டால் வற்றிவிடும். டப்பா காலியாகிற நேரத்தில் இங்கேயும் வற்றியிருக்கும். இனி அந்த அம்மா கடைக்குப் போயே தீரவேண்டும். சாம்பிள் இல்லை ஐயா, தூண்டில்!

போனாள். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலையா அது? ஒரு வாரத்தில் தீரவேண்டிய டப்பாவை மூன்று வாரம் இழுத்தாள். பவுடர் கொஞ்சம், தண்ணீர் நிறைய. பார்க்க வெள்ளையாகத்தானே இருக்கிறது? அந்தத் தண்ணீரும் குட்டைத் தண்ணீர். கொதிக்கவைக்க விறகு வேண்டும். டப்பாவில் அச்சடித்திருப்பதைப் படிக்க எழுத்து தெரியவேண்டும். பணம், நல்ல தண்ணீர், விறகு, படிப்பு. நான்கும் இல்லாத வீட்டில் குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு. அப்புறம் எலும்பும் தோலும். அப்புறம், வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

டெரிக் ஜெலிஃப் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோய்க்கு ஒரு பெயரே வைத்தார். 'வணிகத்தால் விளைந்த சத்துக்குறைவு.' காமர்ஸ் படித்தவனுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முன்கூட்டியே யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார் ஒருவர். சிசிலி வில்லியம்ஸ் என்கிற டாக்டரம்மா. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் வைத்த தலைப்பு, 'பாலும் கொலையும்'. சர்க்கரை போட்ட டின் பாலைக் குழந்தை உணவு என்று விளம்பரம் செய்து விற்றதைத்தான் அப்படிப் போட்டு உடைத்தார். உலகம் அதைக் காதில் வாங்க இன்னும் முப்பத்தைந்து வருடம் பிடித்தது.

1974-ல் 'வார் ஆன் வான்ட்' என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் ஒரு சின்னப் புத்தகம் போட்டது. எழுதியவர் மைக் முல்லர். பெயர், 'குழந்தைக் கொலையாளி'. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு சிறு குழு அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தது. தலைப்பை மட்டும் கொஞ்சம் மாற்றியது: 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது.'

கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1976-ல் தீர்ப்பு. தலைப்பு அவதூறுதான். அபராதம் 300 ஃப்ராங்க். ஆனால் நீதிபதி அத்தோடு விடவில்லை. கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஜெயித்துத் தோற்பது என்பது இதுதான். வழக்கு நடந்த இரண்டு வருடத்தில் விஷயம் பல நாட்டுப் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது.

1977 ஜூலை 4. அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் ஆரம்பமானது. அடுத்த வருடம் செனட்டர் எட்வர்ட் கென்னடி கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். சுத்தமான தண்ணீர் இல்லாத ஊரில் இதை விற்கலாமா என்று கேட்டார். தண்ணீருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்கிற ரீதியில் வந்தது பதில்.

1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு கூடியது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் தரக்கூடாது என்று ஒரு நெறிமுறை. ஆதரவு 118 ஓட்டு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. ரீகன் ஆட்சியில் இருந்த அமெரிக்கா!

நெறிமுறையை ஏற்பதாக நெஸ்லே சொன்னதும் 1984-ல் புறக்கணிப்பு நின்றது. 1988-ல் மறுபடி ஆரம்பித்தது. காரணம் என்ன தெரியுமா? ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த இலவச டப்பாக்கள்.

இந்தியா 1992-ல் சட்டமே போட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. விளம்பரம் கூடாது. சாம்பிள் கூடாது. டப்பாவில் குழந்தை படமோ தாயின் படமோ கூடாது.

எல்லாம் முடிந்துவிட்டதா? 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாடுகளில் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பெற்றோர்கள், கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் பவுடர் கம்பெனிகளின் விளம்பரம் வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தார்கள். இன்றைக்கு செல்போன் வழியாகவும் வருகிறார்கள். மனிதனின் முதல் உணவையே மாற்றத் தெரிந்தவர்களுக்கு, அவன் வளர்ந்தபிறகு எதைத் தின்பது, எதைக் குடிப்பது என்று முடிவு செய்வது ஒரு வேலையா என்ன?

அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போனால் பால் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எந்த வியாபாரியாவது தன் சரக்கின் மேலேயே இதைவிட உசத்தி வேறு இருக்கிறது என்று எழுதுவானா?

எழுதமாட்டான். எழுத வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மாவின் கோபம் இருக்கிறது. 300 ஃப்ராங்க் அபராதம் இருக்கிறது. கணக்கில் வராமலே போய்விட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.