வளவுக்குள் பிறக்கும் நுளம்பு

எங்கள் பக்கத்தில் நுளம்பு வெளியிலிருந்து வருவதாகத்தான் இருந்தது. வட்டையிலிருந்து வரும், குளத்திலிருந்து வரும், மாரி ஓய்ந்து ஆறு வற்றும்போது ஆற்றுக்கிடங்கிலிருந்து வரும். வளவுக்குள்ளேயே பிறக்கிற நுளம்பைப் பற்றி என் சின்ன வயதில் மட்டக்களப்பு வெல்லாவெளியில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் எண்பதுகளில் மலேரியாக் கந்தோரில் நாட்சம்பளத்துக்கு மருந்தடித்தவன். பிற்காலத்தில் டெங்கு வந்தபோது பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரோடு வீடுவீடாய்ப் போய்ச் சிரட்டை கவிழ்த்தவன். இரண்டு வேலையும் செய்த ஆட்கள் இப்போது இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

மருந்துக்கு முன்னால் புகைதான். பொழுதுபடும் நேரம் முற்றத்தின் ஒரு மூலையில் பொச்சுமட்டையை மூட்டி, அது கனன்றதும் பச்சை வேப்பிலையையும் நொச்சியையும் மேலே போடுவார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் மூலை தெரிவாகும். வீட்டுக்கு ஒரு புகை, மாட்டுப்பட்டிக்கு ஒரு புகை. பட்டிக்குப் போடுவதுதான் பெரிய புகை, ஏனென்றால் நுளம்புக்கடியில் மாடு படுக்காது, படுக்காத மாடு விடிய ஏர் இழுக்காது. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு மனிதரைவிட மாட்டின் இரத்தம்தான் விருப்பம் என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வளவுக்குள் பட்டி கட்டிய கிழவர்கள் தெரியாமலே ஒரு காவலைப் போட்டிருந்தார்கள் என்று. ஆனால் புகை விரட்டுமே தவிரக் கொல்லாது. நுளம்பு பொழுதுபட்டு நடுச்சாமம் வரை கடிக்கும், மட்டையோ அதற்குள் அணைந்துவிடும்.

அதனால் காய்ச்சலும் இருந்தது. குளிர்நடுக்கம், பிறகு அனல், பிறகு வியர்வை, ஒரு நாள் விட்டு மறுபடியும். நெஞ்சுக்குக் கீழே இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊரின் மலேரியா அளவை அந்தக் காலத்து வைத்தியர்கள் கணக்கெடுத்தார்கள். கடுமையானவர்களை மண்டூர்த் துறைக்குக் கொண்டுபோய்ப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி, வாவியைக் கடந்து குருமன்வெளியில் இறக்கி, களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் பெண் கொடுக்கக் கிழக்குக் கரையான எழுவான்கரையார் தயங்கியதற்குக் காய்ச்சலையும் ஒரு காரணமாக என் பெரியம்மா சொல்வா. மற்றக் காரணங்களை அவ சொல்லமாட்டா.

இலங்கை மலேரியாச் சரித்திரம் என்றால் எல்லாரும் 1934-35 கொள்ளைநோயைத்தான் சொல்வார்கள். ஏழு மாதத்தில் 80,000 பேரளவில் செத்தார்கள். ஆனால் அது கேகாலை, குருணாகல் பக்கத்துக் கதை. மழை பொய்த்து, எப்போதும் ஓடுகிற ஆறுகள் குட்டைகளாக நின்றுபோக, அந்தத் தெளிந்த நீரில் நுளம்பு பெருகியது. மலேரியாவை அடிக்கடி கண்டிராத சனம் மொத்தமாய் விழுந்தது. எங்கள் பக்கம் வருடா வருடம் காய்ச்சலில் கிடந்து, பிழைத்தவர்களின் உடம்பு ஓரளவு பழகியிருந்தது. இங்கே சாவு தவணை முறையில் நடந்ததால் அதைக் கொள்ளைநோய் என்று யாரும் எழுதவில்லை. அந்த நுளம்பு ஆற்றுக்கிடங்கில் வெயில் படுகிற தெளிந்த நீரில் பெருகுவது என்பதை எச்.எவ். கார்ட்டர் என்ற அரசாங்கப் பூச்சியியலாளர் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். அதாவது முற்றத்தை எவ்வளவு கூட்டினாலும் மலேரியா குறையாது. எங்கள் பெண்களின் கூட்டுமாற்றில் பிழை இருக்கவில்லை.

1945இன் கடைசியில் டி.டி.ரி வந்தது. அடுத்த ஆண்டுகளில் நாடு முழுவதும் அடித்தார்கள். அந்த மருந்தின் சூட்சுமம் எளிது. கடித்து வயிறு நிறைந்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய் இருக்கும். சுவரில் மருந்து இருந்தால் அது அங்கேயே சாகும், அடுத்த ஆளுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகாது. 1946இல் 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை, 1963இல் 17 ஆயிற்று. இலட்சம் அல்ல, 17 பேர். மருந்தடிப்பின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 20 என்றிருந்த இறப்பு ஒரே வருடத்தில் 14 ஆகக் குறைந்ததை மருந்து மட்டுமே செய்ததா, உணவும் ஆசுபத்திரியும் சேர்ந்து செய்தனவா என்று குடித்தொகைக் கணக்கர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். என் எண்ணம், எல்லாமும்தான். ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் காட்டை வெட்டி இலக்கம் போட்ட கொலனிகளில் ஆட்களைக் குடியேற்ற முடிந்ததற்கு அந்த வெள்ளைத் தூளும் ஒரு காரணம். 35ஆம் கொலனி, 37ஆம் கொலனி என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் இருக்கிற ஊர்களில், காய்ச்சல் பழைய கணக்கில் இருந்திருந்தால், யார் நின்று பிடித்திருப்பார்கள்?

ஊர்ச் சனத்துக்கு டி.டி.ரி பிடித்துப்போனது மலேரியாவுக்காக அல்ல. மூட்டைப்பூச்சி செத்தது, கரப்பான் செத்தது. பிறகு மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பழகிக்கொண்டது, மரியாதையும் குறைந்தது.

17க்கு இறங்கியதும் மருந்தடிப்பை நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த அந்த அவசரத்தை நான் மன்னிப்பதில்லை. 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மீண்டும் அடித்தபோது நுளம்பும் டி.டி.ரிக்குப் பழகியிருந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாறினார்கள். நான் அடித்தது இந்த மலத்தியனைத்தான்.

டி.டி.ரி சுவரில் ஆறு மாதம் நிற்கும். மலத்தியன் மூன்று மாதம் நின்றால் பெரிய காரியம், அதுவும் கல்வீட்டில். மண்சுவர் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குமேல் அந்த நாற்றம். உலை வைத்த பானைகளையும் பாயையும் நெல்மூட்டையையும் முற்றத்துக்குக் கடத்தி வைத்துவிட்டு வாசலில் நின்று, "மனே, சாமியறைக்குள்ள மட்டும் அடிக்காதீங்க" என்பார்கள். கும்பிடுகிற இடத்தில் நானும் வற்புறுத்தமாட்டேன். அடித்துவிட்டுப் போய், பொங்கல் கழித்து வந்து பார்த்தால் சுவர் முழுக்கப் புதுச் சாணி மெழுகியிருக்கும். அரசாங்கம் டொலர் கொடுத்து வாங்கிய மருந்து மெழுகுக்கு உள்ளே பத்திரமாக இருக்கும், நுளம்பு மெழுகுக்கு வெளியே பத்திரமாக இருக்கும். அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்கு வீடு மெழுகாமல் இருக்கச் சொல்வதற்கு நாங்கள் யார்? சுற்றுநிருபத்தை எழுதியவர்கள் கலண்டரைப் பார்த்து, பொங்கலுக்குப் பிறகு அடி என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இன்னொரு ஓட்டை வாடி. விதைத்த நாள் முதல் வெட்டும் நாள் வரை ஆண்கள் வட்டையில்தான் இரவு கழிப்பார்கள், யானைக்கும் பன்றிக்கும் காவல். வாடிக்குச் சுவரே இல்லை. சுவரில்லாத இடத்தில் சுவருக்கான மருந்தை எங்கே அடிப்பது? வீட்டில் மருந்து, வட்டையில் காய்ச்சல் என்று பல வருடம் போனது. 1987இல் நாட்டில் கிட்டத்தட்ட ஏழு இலட்சம் பேருக்கு மலேரியா.

பிறகு யுத்தம். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் பெருமளவில் எழும்பி வாவிக்கு அக்கரையில் அகதிமுகாம்களில் கிடந்தது. இவ்வளவுக்கு நடுவில்தான் மலேரியா ஒழிந்தது என்பது பலருக்கு நம்பக் கடினம். மணமில்லாத புது மருந்துகள் வந்தன. மருந்து தோய்த்த வலைகள் வந்தன, அவற்றை வாடிக்கும் கொண்டுபோகலாம், ஓட்டை அடைபட்டது. காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் எடுத்தார்கள். இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

நாங்கள் வென்ற நுளம்பு ஆற்றுக்கிடங்கில் பிறந்தது. அதற்குள் வேறொன்று வளவுக்குள் குடியேறிவிட்டது. டெங்கு இலங்கைக்குப் புதியதல்ல, 1960களிலேயே பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. ஆனால் நெடுங்காலம் அதைக் கொழும்பு வருத்தம் என்றே நினைத்தோம். 2017இல் 1,86,000 பேருக்கு வந்தது, 400 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வருடம் கிழக்கில் கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். இந்த நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே இரவு வலை போதாது, அந்திப் புகையும் போதாது. சுவரைவிட மேசைக்கு அடியிலும் தொங்குகிற உடுப்பிலும்தான் கூடுதலாக இருக்கும், ஆகவே என் பழைய தொழிலும் பெரிதாக உதவாது. இப்போது ஒழுங்கையில் இரைச்சலோடு அடிக்கிற புகையும் பறக்கிற நுளம்பை மட்டும் கொல்லும். குடம்பி அப்படியே இருக்கும், முட்டை காய்ந்த சிரட்டையிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

வளவு மாறியதுதான் காரணம். பழைய வளவில் சிரட்டை அடுப்புக்குப் போனது, இளநீர்க் கோம்பை காய்ந்து விறகானது, தண்ணீர் கிணற்றில் மட்டும் நின்றது. இப்போது தண்ணீர்த் தாங்கி, கூரைப்பீலி, கொங்கிறீற் தட்டு, யோகட் கோப்பை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு. எரிக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. உவர்நீரில் இந்த நுளம்பு பெருகாது என்று வாவிக்கரையார் நிம்மதியாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்த ஆய்வு 2011இல் அதையும் கலைத்தது. கரையோரம் எறிந்து கிடந்த கோப்பைகளின் உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பி வளர்ந்துகொண்டிருந்தது.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வளவில் குடம்பி கண்டால் சொந்தக்காரர் நீதிமன்றம் போகவேண்டிவரலாம். சட்டம் சரிதான். ஆனால் பி.எச்.ஐ. வருகிற அன்று மட்டும் வளவைத் துப்புரவாக்குகிற பழக்கத்தைத்தான் அது எங்கள் ஊரில் வளர்த்திருக்கிறது. போன கிழமை துப்புரவான வளவு இந்தக் கிழமை துப்புரவு என்று கணக்கில்லை. முட்டை நுளம்பாக ஏழு, எட்டு நாள் போதும்.

அந்தக் கணக்குக்குப் பொருத்தமான வழக்கம் எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு கழுவாத வீடு படுவான்கரையில் குறைவு. அந்த வேலையோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூரைப்பீலிச் சருகை அள்ளுங்கள், தாங்கி மூடியைப் பாருங்கள், வேலியோரம் கிடக்கிற கோப்பையையும் கோம்பையையும் கவிழ்க்காமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கவிழ்த்ததை நாயும் கோழியும் நிமிர்த்திவிடும்.