ஓமந்தூராரும் மூன்று சட்டங்களும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம் பழைய பிரமதேயம் என்பதை அதன் பெயரே உணர்த்தும். அதனை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தே 340 மாணாக்கர் பயின்ற கல்லூரி இருந்தமையைக் கல்வெட்டுக் கூறும். கோயிலும் கல்வியும் இவ்வாறு சிறந்த இந்நாட்டில், ஒரு சாரார் நெடுங்காலம் கோயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அந்நிலை மாற வழிசெய்தவருள் ஒருவர் இவ்வட்டாரத்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த இராமசாமி ரெட்டியார், உழவர் குடியினர். 1947 மார்ச்சில், சட்டமன்றக் காங்கிரசுக் கட்சியினர் பிரகாசத்தை விலக்கி இவரைத் தலைவராகத் தேர்ந்தனர். சென்னை மாகாண ஆட்சி இவர்பால் வந்தது. அவ்வாண்டே கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின; 1948இல் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது.

இவற்றின் வித்துகளை முன்னரே இட்டோர் உளர். தேவதாசி ஒழிப்பிற்கு முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முன்பே போராடினார். 1939இல் மதுரைக் கோயில் திறக்கப்பட்டது. எனினும் வழிபாடு, பெண்ணுரிமை, நிலம் என்னும் மூன்றிலும் பிறப்புவழி வந்த கட்டினை ஈராண்டிற்குள் சட்டத்தால் தளர்த்தியது இவர் ஆட்சியே. அவ்வாட்சியே 1948இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்த முனைந்து தமிழர் எதிர்ப்பைப் பெற்றதையும் மறைத்தல் ஆகாது.

இவரைத் தேர்ந்த கட்சியினரே 1949 ஏப்பிரலில் குமாரசாமி இராசாவைத் தேர்ந்தனர். இவரது பதவி ஈராண்டளவே நின்றது. ஆட்சியாளரைப் பதவிக்காலத்தால் அளப்பது முறையன்று. அவர் விட்டுச்சென்ற சட்டத்தால் யார்க்குக் கதவு திறந்தது என்பதே வரலாற்றாசிரியன் கேட்கத்தக்க வினாவாம்.