தரங்கம்பாடி

தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர். தரங்கம் என்றால் அலை. பாண்டியர் காலக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனப்படுகிறது.

வரலாறு

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், டென்மார்க்கின் கடற்படைத் தலைவர் ஓவே ஜெட்டேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். மிளகு வணிகத்துக்காக இங்கே டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

1706இல் ஜெர்மானியரான சீகன்பால்கு சமயப் பணிக்காக வந்து தமிழ் கற்றார். தமிழ் அச்சு எழுத்துகள் முதலில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. அவை பெரியனவாக இருந்து தாள் மிகுதியாகச் செலவானதால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே.

வணிகம் நலிந்ததால், 1845இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றனர். பின்னர் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இத்துறைமுகம் வெறிச்சோடியது. புதிய கட்டடங்கள் பெருகாததால் பழைய தெருக்கள் தப்பின.

காணத்தக்க இடங்கள்

* டேன்ஸ்போர்க் கோட்டை: இப்போது தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.
* புதிய எருசலேம் ஆலயம் (1718): சீகன்பால்குவின் கல்லறை இங்குள்ளது.
* சீயோன் ஆலயம் (1701), நகர நுழைவாயில்.
* மாசிலாமணிநாதர் கோயில்: மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

2004 ஆழிப்பேரலையில் இவ்வூர் பல உயிர்களை இழந்தது. வருவாய் தரும் கடலே இவ்வூரை அரித்தும் வருகிறது. எஞ்சியவற்றைக் காப்பது, காண வருவோரின் கடமையும் ஆகும்.