சுண்ணாம்பும் பவளமும் - ஒரு வரவு செலவுக் கணக்கு

பொட்டிபுரம் என்றதும் எல்லாருக்கும் நியூட்ரினோதான் ஞாபகம் வரும். இது அதைப் பற்றி இல்லை :)

எங்கள் போடி மலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. கலக்கிய பிறகு இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு ஏறினால் அமிலம் மிச்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். மீட்டர் இல்லாமல் பி.எச். பார்க்கும் வழி இது.

இதே சுண்ணாம்பை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பலர் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் பவளம் வளர்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் நாம் பவளத்தை வெட்டி எடுத்ததும் இதே சுண்ணாம்புக்காகத்தான். இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

முதலில் 1909. அந்த வருடம்தான் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் பி.எச். அளவுகோலை வெளியிட்டார். அதே 1909-ல்தான் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். அதற்கு முயற்சி எடுத்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். ராமேஸ்வரம் தீவையும் மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்களையும் ஆராய்ந்து எழுதியவர் அவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், அந்தக் காட்சியகத்தை மூடிவிட்டார்கள்.

மீனைத் தொட்டியில் வைப்பது ஒன்று. பவளம் வளர்ப்பது வேறு. மீன் சாப்பாட்டைத் தின்னும், அவ்வளவுதான். கல் பவளமோ தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டுகிறது. அதாவது தான் வாழும் தண்ணீரையே செலவு செய்கிறது. கடலில் இது தெரியாது. தொட்டியில் சில நாளிலேயே தெரிந்துவிடும்.

1961-ல் இந்தோனேஷியாவின் லீ சின் எங் என்பவர், கடலில் இருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தும் முறையை எழுதினார். அவருக்குப் பக்கத்திலேயே வெப்பமண்டலக் கடல் இருந்தது, புதுத் தண்ணீர் கிடைத்தது. குளிர் நாட்டில் இருப்பவன் என்ன செய்வான்? 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதிய பீட்டர் வில்கென்ஸ் ஒரு வழி சொன்னார். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. நம் ஊரில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தால் மேலே நிற்குமே, அதே தெளிநீர்தான்!

இங்கே காமர்ஸ் மாணவனுக்குச் சுலபமாகப் புரியும் ஒரு கணக்கு இருக்கிறது. பி.எச். என்பது கல்லாப்பெட்டியில் அந்த நேரத்தில் இருக்கும் பணம். பகலில் ஒளிச்சேர்க்கை நடப்பதால் ஏறும், இரவில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து இறங்கும். காரத்தன்மை என்பது பேங்க்கில் இருக்கும் ரிசர்வ். பவளம் எடுப்பது அதிலிருந்துதான். கடல்நீரில் பி.எச். சுமார் 8.1, காரத்தன்மை ஜெர்மன் அளவில் ஏறக்குறைய 7 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் போல இருக்கும்.

செலவும் டபுள் என்ட்ரி மாதிரியே நடக்கிறது. காரத்தன்மை 1.4 டிகிரி குறைந்தால் கூடவே கால்சியம் 10 மில்லிகிராம் குறையும். 420-ல் 10 போனால் கண்டுபிடிக்கவே முடியாது. 7-ல் 1.4 போனால் ஐந்தில் ஒரு பங்கு காலி. அதனால்தான் பவளம் வளர்ப்பவர்கள் பி.எச்.சை விடக் காரத்தன்மையைத்தான் விடாமல் டெஸ்ட் செய்கிறார்கள். குறைந்ததைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈடு கட்டுகிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல். மொத்தமாக ஊற்றினால் எல்லாம் செத்துவிடும். பி.எச். இறங்கும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இதற்குப் பதிலாகச் சமையல் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் தனித்தனி பாட்டிலில் கரைத்து விடும் வழியும் உண்டு.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிப் படகில் ஏற்றினார்கள். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பவளம் பல நூறு வருடம் சேர்த்து வைத்தது சூளையில் சில நாளில் முடிந்துவிடும். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-ல் எல்லாக் கல் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் வெட்டுவது 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

வெட்டுவது நின்றதும் கணக்கு சரியாகிவிட்டதா? இல்லை. தொழிற்புரட்சிக்குப் பிறகு நாம் எரித்த நிலக்கரி, எண்ணெயின் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துவிட்டது. மேல்கடலின் பி.எச். 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. வெறும் 0.1 தானே என்று நினைக்காதீர்கள். சோரன்சனின் அளவுகோல் மடக்கை அளவு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கடலுக்கே சுண்ணாம்பு போட முடியுமா என்று இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்குக் கல்லைச் சுட வேண்டும், சுட்டால் மறுபடி அதே கார்பன் டை ஆக்சைடு! தொட்டி வைத்திருப்பவர் தினம் ஒரு டெஸ்ட் செய்து கணக்கைச் சரி செய்துகொள்ளலாம். மன்னார் வளைகுடாவுக்கு நம்மிடம் அப்படி ஒரு பாட்டில் இல்லை. எடுப்பதைக் குறைப்பது ஒன்றுதான் இப்போதைக்கு நம் கையில் இருக்கிறது.

ராமேஸ்வரம் போனால் சங்கு, சிப்பியோடு யாராவது வெள்ளையாகப் பவளத் துண்டு நீட்டினால் வாங்காதீர்கள் நண்பர்களே. அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.