காலா லில்லி: ஒரு பெயர், இரண்டு வம்சம்

குன்னூரில் சிறிய நர்சரி நடத்துகிறேன். கோவையிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, உங்ககிட்ட வாங்கிட்டுப் போன மஞ்சள் காலா அழுகிப்போச்சு. இங்க சாக்கடை ஓரத்துல வெள்ளை மட்டும் எப்படி இப்படி மண்டிக் கெடக்கு?" நான் தென்னாப்பிரிக்காவிலிருந்து பதிலைத் தொடங்குவேன். அவசரக்காரர்கள் அதற்குள் ஃபுஷியா தொட்டிப் பக்கம் நகர்ந்திருப்பார்கள்.

வெள்ளைக் காலாவுக்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காதான். ஓடைக்கரை, சதுப்பு, மழைநீர் தேங்கும் சாலையோரப் பள்ளம் எல்லாம் அதன் இடம். ஆப்பிரிக்கான்ஸ் பேசும் குடியானவர்கள் அதற்கு வைத்த பெயர் பன்றிப் பூ. முள்ளம்பன்றிகள் கிழங்கைத் தோண்டித் தின்னும். தந்த நிறத்தில் ஒரு குட்டித் தவளை பூவுக்குள் ஒடுங்கிக்கொண்டு, வரும் பூச்சியைப் பிடிக்கும். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்குக் காய்கறி வேண்டி 1652-இல் அங்கே கேப் முனையில் தோட்டம் போட்டது. 1664-க்குள் இந்தப் பூ பாரிஸ் அரசத் தோட்டத்துச் செடிகளின் படங்களில் இடம்பிடித்துவிட்டது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதைக் காலா பேரினத்தில் சேர்த்தார். 1826-இல் இன்னொரு தாவரவியலாளர் ஸ்ப்ரெங்கல் அங்கிருந்து பிரித்து சான்டடெஸ்கியா என்று தனிப் பெயர் கொடுத்தார். பூக்கடைக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

லில்லி என்பதும் சும்மா. இது நம் சேம்பு, சேனையின் பங்காளி. கிழங்கை நறுக்கிப் பாருங்கள், கை அரிக்கும். நாம் பூ என்று வியக்கும் அந்த வெள்ளைப் புனல் வெறும் பாளை. உள்ளே நிற்கும் மஞ்சள் தண்டில்தான் அசல் பூக்கள், கடுகளவில். அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள்.

அந்தப் பாளைக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஐரோப்பாவில் கல்யாணத்துக்கும் அதுதான், சவப்பெட்டிக்கும் அதுதான். அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் இறந்தவர்கள் நினைவாக 1926-இல் பெண்கள் அமைப்பு ஒன்று சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதப் பூவை விற்றது. அதுவும் காலாதான். டியேகோ ரிவேரா 1925-இல் வரைந்த 'பூக்களின் நாள்' ஓவியத்தில் மெக்சிகோக்காரர் ஒருவர் முதுகு நிறையக் காலாவைச் சுமந்து நிற்கிறார். எனக்கு இதுதான் பிடிக்கும். பூவின் அழகோடு சுமையையும் காட்டிய ஓவியர் அவர்.

நீலகிரியிலும் வெள்ளைக் காலா தோட்டத்து வேலியைத் தாண்டி ஓடைகளில் இறங்கிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ அங்கே இருக்கவேண்டிய சதுப்புப் புல்தான் கண்ணில் நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைக் களை என்றே அறிவித்திருக்கிறார்கள். வீட்டை ஒட்டி ஓடை இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் வெள்ளைக் கிழங்கு விற்பதில்லை.

மஞ்சளும் ரோஸும் வேறு வம்சம். அதே தென்னாப்பிரிக்காதான், ஆனால் கிழக்குப் புல்வெளி. அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழைக்கு முளைத்துப் பூத்து, வறண்டதும் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் படுத்துவிடும். ஐரோப்பியத் தோட்டங்களுக்கு இவை வந்து சேர்ந்ததே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பிறகு நியூசிலாந்துக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து ஆரஞ்சு, ஊதா, கருஞ்சிவப்பு என்று நிறங்களைப் பெருக்கினார்கள். வெள்ளையோடு கலக்கப் பார்த்தபோதுதான் தடை வந்தது. முளைத்த நாற்றுகள் பச்சையமே இல்லாமல் வெளுத்து, பிழைக்காமல் போயின. பெயர் ஒன்றானாலும் இரண்டும் சம்பந்தம் செய்யாத குடும்பங்கள்.

அழுகலுக்கு விடை இங்கே இருக்கிறது. சதுப்பில் பிறந்த வெள்ளைக்குத் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றாலும் கவலையில்லை. புல்வெளிக் கிழங்குக்கு அதையே செய்தால் பாக்டீரியா புகுந்து இரண்டே நாளில் கூழாக்கிவிடும், நாற்றம் வேறு. அதற்கு ஓட்டை பெரிதாக உள்ள தொட்டி வேண்டும். செம்மண்ணோடு மணலும் மட்கிய உரமும் கலந்து, முளை மேலே பார்க்கும்படி நாலு விரல் ஆழத்தில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். பூ முடிந்து இலை பழுத்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்தி, மழை படாத தாழ்வாரத்தில் தொட்டியை ஒதுக்கி வையுங்கள். குன்னூரில் ஐப்பசி மழை கொட்டும்போது இது ரொம்ப முக்கியம். செத்துவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், மறுபடி முளைக்கும்.

சென்னை வெயிலுக்கு இரண்டு வம்சமும் ஒத்துவராது. அங்கிருந்து வருபவர்களிடம் இதைச் சொன்ன பிறகுதான் காசு வாங்குகிறேன்.