மண் மூடிய ஊர்



பேராக், சிலாங்கூர் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர், விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது கிழக்கே நீலமலைகளைக் கண்டிருப்பார்கள். அதுதான் தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்தின் தென்பகுதியில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீண்டது. பேராக்கிலுள்ள கொர்பு மலையே இதில் மிக உயர்ந்தது. அதன் உயரம் 2,183 மீட்டர்.

அடிவாரக் காட்டில் மெரந்தி, செங்கால் போன்ற நெடுமரங்கள் உண்டு. மேலே போகப் போகக் குளிர் கூடும், மரங்கள் குட்டையாகும், உச்சியில் கிளையெல்லாம் பாசி படர்ந்திருக்கும். இக்காடுகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடி விட்டால் என்ன நேரும் என்பதைக் கோல குபு என்னும் ஊரின் வரலாற்றில் காணலாம்.

சிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்த இவ்வூர் ஈயத்தால் வளர்ந்தது. அங்கே பழைய மண் அணை ஒன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டு பெருமழையில் அது உடைந்தது, பலர் மாண்டனர். அந்த இடத்தின் பெயர் அம்பாங் பெச்சா. உடைந்த அணை என்பது அதன் பொருள்.

மக்கள் ஊரை மீண்டும் கட்டினார்கள். ஆனால் ஆற்றின் மேற்புறத்து ஈய லம்பங்களில் காட்டை அழித்து மண்ணைக் கழுவினார்கள். கழிவு மணல் ஆற்றில் இறங்கியது. ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வந்தது. வெள்ளமும் அடிக்கடி வந்தது. 1926-இல் பெருவெள்ளம் ஏற்பட்டது. 1930-களின் தொடக்கத்துக்குள் மக்கள் மேட்டு நிலத்தில் அமைந்த புதிய ஊருக்குக் குடியேறினார்கள். அதுவே கோல குபு பாரு. பழைய ஊரில் பெரும்பகுதியை மணல் மூடிவிட்டது.

அணை உடைந்த அழிவு ஒரே நாளில் வந்தது, அனைவரும் அறிந்தார்கள். மணல் சேர்ந்த அழிவோ பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வந்தது. அதனால்தான் அதைத் தடுக்க முடியாமற் போயிற்று.

இன்று அதே ஆற்றின் மேற்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகே, புதிய அணை நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே வருகிறது. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன நம் குடும்பங்களில் பலவும் அந்த நீரையே குடிக்கின்றன. மலைச்சரிவின் காடு அழிந்தால் கரையும் மண் அணைக்குள்தான் போய்ச் சேரும்.

அவ்வழியே பயணம் செய்யும்போது, அம்பாங் பெச்சா என்ற பெயர் வந்த கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.