பாதுகாப்புச் சபையில் ஓர் ஆசிரியை

1972ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் தலைமைப் பீடத்தில் முதன்முறையாக ஒரு பெண்மணி அமர்ந்தார். அவரே மேற்கு ஆபிரிக்கக் கினி நாட்டின் பிரதிநிதி ஜீன் மார்ட்டின் சிசே.

1926இல் கங்கான் நகரிற் பிறந்த அவர், கினியின் முதற் பெண் ஆசிரியர்களுள் ஒருவர். 1958இல் கினி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1962 முதல் பன்னிரண்டாண்டுகள் ஆபிரிக்க மாதர் அமைப்பின் செயலாளர் நாயகமாகத் தொண்டாற்றினார்.

1970 நவம்பர் 22ஆந் திகதி போர்த்துக்கேயப் படைகள் கினியின் தலைநகரான கொனாக்ரியுட் புகுந்து தாக்கின. சரியாக ஈராண்டு கழித்து, அதே திகதியில், சிசேயின் தலைமையிற் கூடிய பாதுகாப்புச் சபை, அங்கோலா, கினி-பிசாவு, மொசாம்பிக் ஆகிய குடியேற்ற நாடுகளிற் போரை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்கு வருமாறு போர்த்துக்கலைக் கேட்டது. எதிர்ப்பின்றி நிறைவேறியது அத்தீர்மானம். 

1976இல் சிசே சமூக விவகார அமைச்சரானார். 1984இல் ஜனாதிபதி சேக்கு தூரே மறைந்ததும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்ற, அவர் ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். எதிர்த்தோரைச் சிறையிலிட்டு வதைத்த ஓர் ஆட்சிக்குத் துணைநின்றவர் என்ற பழியும் அவர் வரலாற்றிற்கு உண்டு. 2017இல் அவர் காலமானார். புகழையும் பழியையும் ஒருங்கே வைத்து நோக்குவதே நேர்மையான வரலாறு.